கட, கடத்து, கடவு: பொருள் பிறழாமல் எழுதும் முறை

சரக்குகளை ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஒன்று தன் பணியைத் தமிழில் அறிமுகம் செய்யும்போது, "நாங்கள் உணவுப் பொருள்களைப் பாதுகாப்பாகக் கடத்துகிறோம்" என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது காவல்துறையும் சோதனைச் சாவடியும்தான். எழுதியவர் அகராதியைப் பார்த்தே எழுதியிருக்கலாம். 'கடத்து' என்னும் சொல்லுக்கு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்த்தல் என்று பொருள் தருவதில் அகராதியின் பிழையும் ஏதுமில்லை. ஆயினும் அந்த வாக்கியம் தமிழில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாகவே நிற்கிறது. அதே வினையை, "செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது" என்று எழுதும்போது யாருக்கும் எந்த ஐயமும் எழுவதில்லை.

ஒரே வினைச்சொல் ஓரிடத்தில் குற்றமாகவும், ஓரிடத்தில் அறிவியலாகவும், இன்னோரிடத்தில் அரசின் ஆணையாகவும் பொருள்படுவது எதனால் என்பதையும், எழுதுபவர் அதை எவ்வாறு கையாள வேண்டும் என்பதையும் இந்த வழிகாட்டி விளக்குகிறது. 'கட' என்னும் வினையடியையும் அதனோடு தொடர்புடைய 'கடத்து', 'கடவு' ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது தெளிவாகும். மொழிபெயர்ப்பாளர், செய்தி எழுதுவோர், பாடநூல் எழுதுவோர், செயலிகளுக்குத் தமிழ்ச் சொற்கள் அமைப்போர் ஆகியோர் இச்சொற்களை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். இவற்றில் நேரும் பிழை நடையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை; நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவர்மீது பழியையே சுமத்திவிடுகிறது.

வினையடியைப் பிரித்தறிதல்

'கட' என்பதன் அடிப்படைப் பொருள், ஒன்றின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்குச் செல்லுதல். கடக்கிறவர் தாமே செல்கிறார். எனவே இது தன்வினை. 'கடத்து' என்பது வேறொன்றை அல்லது வேறொருவரை அவ்வாறு கடக்கச் செய்தல். எனவே இது பிறவினை. நட, நடத்து என்றும் கிட, கிடத்து என்றும் வரும் இணைகளைப் போலவே கட, கடத்து என்பதும் அமைந்துள்ளது. நோயாளி கட்டிலில் கிடக்கிறார், செவிலியர் அவரைக் கட்டிலில் கிடத்துகிறார். படகு ஆற்றைக் கடக்கிறது, படகோட்டி மக்களை அக்கரைக்குக் கடத்துகிறார். இந்தக் கடைசி வாக்கியம் இலக்கணப்படி முற்றிலும் சரியானது. பழைய நடையில் இயல்பானதும்கூட. ஆனால் இன்றைய வாசகர் இதையும் ஒரு கணம் தயங்கித்தான் படிப்பார்.

இரண்டு வினைகளும் காலம் காட்டும் முறையில் வேறுபடுகின்றன. கடந்தான், கடக்கிறான், கடப்பான் என்பவை 'கட' என்பதற்கு உரியவை. கடத்தினான், கடத்துகிறான், கடத்துவான் என்பவை 'கடத்து' என்பதற்கு உரியவை. முற்று வினையாக எழுதும்வரை குழப்பத்துக்கு இடமில்லை. அவற்றைத் தொழிற்பெயராக மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நட என்பதிலிருந்து 'நடத்தல்' என்னும் தொழிற்பெயர் பிறப்பதுபோல, கட என்பதிலிருந்து 'கடத்தல்' என்னும் தொழிற்பெயர் பிறக்கிறது. கடத்து என்பதோடு 'அல்' விகுதி சேர்ந்தாலும் 'கடத்தல்' என்றே வருகிறது. ஆகவே கடப்பதும் கடத்தல், கடக்கச் செய்வதும் கடத்தல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தலைச்சொற்களைக் கட-த்தல் என்றும் கடத்து-தல் என்றும் இடையில் கோடிட்டுக் காட்டுவதால், அதைப் பார்ப்பவருக்கு வேறுபாடு விளங்கிவிடும். கட்டுரையிலோ அறிவிப்பிலோ அந்தக் கோடு இருப்பதில்லை. 'எல்லை கடத்தல்' என்று மட்டும் எழுதினால், எல்லையை ஒருவர் கடந்ததா, எல்லைக்கு அப்பால் ஏதோ ஒன்று கொண்டுசெல்லப்பட்டதா என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

இன்றைய வழக்கில் 'கடத்தல்' என்னும் பெயரைக் 'கடத்து' வினை முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று கொள்வதே பாதுகாப்பானது. எனவே, தானே கடப்பதைக் குறிக்கும் இடங்களில் 'கடத்தல்' என்று எழுதாமல், கடப்பது, கடந்து செல்லுதல், கடக்கும்போது என எழுதுவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவுரைத் தாளில் 'சாலையைக் கடத்தல்' என்று தலைப்பிடுவதைவிட, 'சாலையைக் கடக்கும் முறை' என்று எழுதினால் பொருளும் தெளியும், ஓசையும் இனிமையாகும். எல்லையைப் பொறுத்தவரை 'தாண்டு' என்னும் வினை ஏற்கெனவே நன்கு வேரூன்றியிருக்கிறது. பாக் நீரிணைச் செய்திகளில் 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாக' என்ற தொடர் நிலைபெற்றிருப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

'கட': அகலம், அளவு, காலம்

கட, தாண்டு ஆகிய இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பலர் எழுதுகின்றனர். பல இடங்களில் அதனால் கேடில்லை. ஆயினும் இரண்டுக்கும் இடையே பேணத்தக்க வேறுபாடு உண்டு. தாண்டுவதில் ஒரு தாவல் இருக்கிறது. ஒரு தடையையோ கோட்டையோ மீறும் குறிப்பு இருக்கிறது. கடப்பதில் ஓர் அகலம் இருக்கிறது. தொடக்கம் முதல் முடிவுவரை அதனூடே செல்லும் குறிப்பு இருக்கிறது. வாய்க்காலைத் தாண்டலாம், காவிரியைக் கடக்கத்தான் வேண்டும். வேலியைத் தாண்டினான் என்று எழுதுவோம். பாலைவனத்தைத் தாண்டினான் என்பதைவிடக் கடந்தான் என்பதே பொருந்தும்.

அளவைக் குறிக்கும்போது, 'கட' என்பது அந்த அளவுக்கு மேலே சென்றுவிட்டதையே சொல்கிறது. 'வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்தது' என்றால் அது 40 டிகிரிக்கு மேல் சென்றுவிட்டது என்று பொருள். சரியாக 40 டிகிரி என்றால் 'எட்டியது' அல்லது 'தொட்டது' என்று எழுத வேண்டும். விற்பனை, வாக்கு எண்ணிக்கை, நீர்மட்டம் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளில் இந்த நுட்பம் பெரிதும் கவனிக்கத்தக்கது. அணையின் நீர்மட்டம் ஓர் அளவை எட்டுவதும் அதைக் கடப்பதும் கரையோரம் வாழ்பவருக்கு இரு வேறு செய்திகள்.

காலத்தோடு சேரும்போது இச்சொல் மேலும் நுட்பமாகிறது. 'காலம் கடந்த முடிவு' என்றால் தாமதமாக எடுக்கப்பட்ட முடிவு. உரிய காலம் அதற்குள் போய்விட்டது என்பது பொருள். 'காலத்தைக் கடந்த கலை' என்றால் எந்தக் காலத்துக்கும் உரிய கலை, காலத்தால் அழியாதது. முதல் தொடரில் கடப்பது காலம். இரண்டாவதில் கடக்கப்படுவது காலம். இடையிலுள்ள ஓர் 'ஐ' உருபு குறையை நிறையாக மாற்றிவிடுகிறது. பாராட்டு மடலில் 'காலம் கடந்த உங்கள் பணி' என்று எழுதிவிட்டால், பாராட்டப்படுபவர் தாம் தாமதமாகச் செய்ததைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணவும் கூடும். 'காலங்கடந்து நிற்கும்' என்றோ 'காலத்தைக் கடந்து நிற்கும்' என்றோ 'நிற்கும்' என்பதையும் சேர்த்து எழுதினால் ஐயத்துக்கு இடமிராது.

'கடந்த' என்னும் பெயரெச்சம் நாளிதழ் நடையில் அளவுக்கு மீறிப் புழங்குகிறது. கடந்த வாரம், கடந்த ஆண்டு, கடந்த 10 ஆண்டுகளாக என்பவை பொருளுள்ள தொடர்கள். 'கடந்த 2015ஆம் ஆண்டு' என்பதில் 'கடந்த' எதையும் சொல்லவில்லை. 2015 கடந்துவிட்டது என்பதை வாசகர் அறிவார். ஆண்டின் எண் வெளிப்படையாக இருக்கும் இடங்களிலெல்லாம் 'கடந்த' என்பதை நீக்கிப் படித்துப் பாருங்கள். வாக்கியம் எதையும் இழப்பதில்லை. அதேபோல, பொதுவாகப் பேசும்போது 'கடந்த காலம்' என்போம். இலக்கணத்தில் அது 'இறந்தகாலம்'. 'இற' என்னும் வினைக்கும் பழந்தமிழில் கடத்தல், அளவு மீறுதல் என்ற பொருள்கள் உண்டு. எனவே இரண்டு பெயர்களும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவைதாம். ஆனால் இலக்கணப் பாடத்தில் 'கடந்தகால வினைமுற்று' என்று எழுதுவது கலைச்சொல் மரபை மீறுவதாகும்.

அண்மைக் காலத்தில் 'கடந்து போதல்' என்பது ஒரு துயரத்தையோ செய்தியையோ மனத்தில் தங்கவிடாமல் விட்டுச் செல்லுதல் என்ற பொருளில் பரவியிருக்கிறது. 'இந்தக் கொடுமையை எளிதாகக் கடந்து போய்விட முடியாது' என்று எழுதுகிறார்கள். இது பிழையன்று; 'கட' என்னும் வினையின் இயல்புக்கு ஏற்ற வளர்ச்சியே. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு துயரமும் கடக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் அத்தொடர் தன் ஆற்றலை இழந்து வருகிறது என்பதே என் கவலை. மறத்தல், தேறுதல், ஆறுதல் பெறுதல், பொருட்படுத்தாமல் விடுதல் என்று தமிழில் தனித்தனியே சொற்கள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு எது பொருந்துமோ அதை எழுதலாம்.

'கடத்து': எதைக் கடத்துகிறோம் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது

இந்த வினையைக் கையாள ஒரே ஒரு கேள்வி போதும். கடத்தப்படுவது எது? செயப்படுபொருளைப் பார்த்துவிட்டால் வினையின் பொருள் தானே வெளிப்பட்டுவிடும்.

ஆள், ஊர்தி, சரக்கு ஆகிய மூன்றில் ஒன்று செயப்படுபொருளாக வந்தால் அது குற்றம். ஆளைக் கடத்துதல் என்றால் அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்துச் செல்லுதல். சரக்கைக் கடத்துதல் என்றால் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி ஒளிவுமறைவாகக் கொண்டுசெல்லுதல். ஊர்தியைக் கடத்துதல் என்றால் அதன் கட்டுப்பாட்டை வலிந்து கைப்பற்றித் திசைதிருப்புதல். தங்கக் கடத்தல், மணல் கடத்தல், செம்மரக் கடத்தல், விமானக் கடத்தல் என நாள்தோறும் படிக்கும் தொடர்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்திய விமானம் காந்தகாருக்குக் கொண்டுசெல்லப்பட்ட நிகழ்வை, தமிழில் 'காந்தகார் விமானக் கடத்தல்' என்றே இன்றும் குறிப்பிடுகிறோம்.

ஆளுக்கும் சரக்குக்கும் உள்ள பொருள் வேறுபாட்டை வீரப்பனைப் பற்றிய செய்திகளில் அருகருகே காணலாம். 'சந்தனக் கடத்தல் வீரப்பன்' என்பதிலுள்ள கடத்தல், காட்டு மரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வெட்டிக் கொண்டுசெல்வது. 2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று தொட்டகாஜனூரில் நிகழ்ந்த 'நடிகர் ராஜ்குமார் கடத்தல்' என்பதிலுள்ள கடத்தல், ஒரு மனிதரைப் பணயமாகப் பிடித்துச் செல்வது. இரண்டு செயல்களுக்கும் சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. தமிழில் சொல் ஒன்றே. முன்னே நிற்கும் பெயர்தான் வாசகருக்கு வழிகாட்டுகிறது. எனவே முன்னே நிற்கும் பெயரை எழுதாமல் 'கடத்தல் வழக்கில் மூவர் கைது' என்று மொட்டையாகத் தலைப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும்.

வேற்றுமை உருபும் இங்கே பெரும்பணி செய்கிறது. 'லாரி கடத்தல்' என்றால் லாரியே பறிபோயிற்று. 'லாரியில் கடத்தல்' என்றால் லாரி ஒரு கருவி. பறிபோனது அல்லது மறைத்துச் செல்லப்பட்டது வேறொன்று. தலைப்பின் நீளத்தைக் குறைப்பதற்காக 'இல்' உருபை வெட்டுவோர், லாரி உரிமையாளரைக் குற்றவாளியிலிருந்து பறிகொடுத்தவராகவோ, பறிகொடுத்தவரிலிருந்து குற்றவாளியாகவோ மாற்றிவிடுகிறார்கள். 'படகு கடத்தல்', 'கார் கடத்தல்' என்பவற்றையும் இவ்வாறே சரிபார்க்க வேண்டும்.

செயப்படுபொருளின் இடத்தில் 'நாடு' வரும்போது நிலைமை மாறுகிறது. 'நாடு கடத்து' என்பதில் நாட்டை எவரும் எடுத்துச் செல்வதில்லை. ஒருவரை நாட்டின் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுகிறார்கள். அதாவது, கடக்கச் செய்யப்படுபவர் அந்த மனிதர்; நாடு, கடக்கப்படும் எல்லை. எனவே 'அவரை நாடு கடத்தினர்' என்பதே முறையான அமைப்பு. இதைச் செய்வது பெரும்பாலும் அரசு. எனவே இது குற்றத்தின் பெயராக இல்லாமல் தண்டனையின் அல்லது ஆணையின் பெயராக இருக்கிறது. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவருடன் பிடிபட்ட போராளிகளும் 1802ஆம் ஆண்டில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர் என்று எழுதும்போது, கடத்தியது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. இவ்வாறு கடல் கடந்த தீவுக்கு அனுப்பும் தண்டனையை முற்காலத்தில் 'தீவாந்தர சிட்சை' என்றும் வழங்கினர்.

இதனோடு 'நாடு கடந்த' என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாடு கடத்தப்பட்டவர் பிறரால் வெளியேற்றப்பட்டவர். 'நாடு கடந்த' என்பது, நாட்டின் எல்லைக்கு வெளியே இருந்து இயங்குகிற அல்லது பல நாடுகளில் பரவியிருக்கிற என்று பொருள்படும். தர்மசாலாவில் இயங்கும் திபெத்திய நிர்வாகத்தை 'நாடு கடந்த திபெத் அரசு' என்று எழுதுகிறோம். 'நாடு கடத்திய அரசு' என்று தவறி எழுதினால், அது வேறு யாரையோ வெளியேற்றிய அரசாகிவிடும். ஒரு குற்றவாளியை அவரைத் தேடும் நாட்டிடம் ஒப்படைப்பதையும் செய்திகளில் 'நாடு கடத்தல்' என்றே எழுதுகின்றனர். வழக்கு நடத்துவதற்காக ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் கையளிப்பதும், குடியேற்ற விதியை மீறியவரை வெளியேற்றுவதும் வேறு வேறு நடைமுறைகள் என்பதால், முன்னதற்கு 'ஒப்படைத்தல்' என்பதைப் பயன்படுத்துவதே தெளிவானது.

அறிவியலில் 'கடத்து' எந்தக் கறையும் படியாத சொல். வெப்பம், மின்சாரம், ஒலி போன்றவை செயப்படுபொருளாக வரும்போது, அவற்றைத் தன் வழியே செல்ல விடுதல் என்று பொருள். வெப்பம் பரவும் மூன்று வழிகளை வெப்பக் கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக் கதிர்வீச்சு எனப் பாடநூல்கள் கூறுகின்றன. மின்சாரத்தை எளிதாகச் செல்ல விடுவது கடத்தி, விடாதது கடத்தாப் பொருள் அல்லது அரிதில் கடத்தி, இடைப்பட்டது குறைகடத்தி, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் மின்தடையே இல்லாமல் கடத்துவது மீக்கடத்தி. தாவரவியலில் சைலம் நீரையும், ஃபுளோயம் உணவையும் கடத்துகின்றன. நோயியலில் கொசு ஒரு நோய்க்கடத்தி. இங்கெல்லாம் 'கடத்து' என்பதை மாற்றவேண்டிய தேவையே இல்லை. மாற்றினால் கலைச்சொல் கெட்டுவிடும். பேருந்தில் பயணச்சீட்டு கொடுப்பவர் நடத்துநர். மின்சுற்றில் இருப்பது கடத்தி. இரண்டையும் 'கண்டக்டர்' என்றே சொல்லிப் பழகியவர்கள் மொழிபெயர்க்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

காலம் செயப்படுபொருளானால் குறை கூறும் குறிப்பு வந்துவிடும். காலம் கடத்துதல், நாளைக் கடத்துதல் என்றால் செய்யவேண்டியதைச் செய்யாமல் வேண்டுமென்றே இழுத்தடித்தல். காலம் கடந்தது என்றால் எவர்மீதும் பழியில்லை. காலம் கடத்தினார் என்றால் அவர்மீது பழியிருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் 'கோப்பு காலம் கடந்து வந்தது' என்பதற்கும் 'கோப்பை அனுப்பாமல் காலம் கடத்தினர்' என்பதற்கும் இடையே ஒரு குற்றச்சாட்டின் தூரம் இருக்கிறது. சான்று இருந்தால் மட்டுமே இரண்டாவதை எழுத வேண்டும்.

உணர்வு, அனுபவம், அறிவு, மரபு போன்ற கருத்துப் பெயர்களோடு வரும்போது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்று சேரச் செய்தல் என்ற நல்ல பொருள் கிடைக்கிறது. 'அந்த இசை தன் துயரத்தைக் கேட்பவருக்குக் கடத்திவிடுகிறது' என்றும், 'பாட்டிமார் தம் மருத்துவ அறிவை அடுத்த தலைமுறைக்குக் கடத்தினர்' என்றும் எழுதுவது இன்று இயல்பாகிவிட்டது. கால்பந்து வர்ணனையில் பந்தையும் கடத்துகிறார்கள். ஆனால், கருத்துப் பெயராகத் தோன்றினாலும் விலைக்கு விற்கவோ திருடவோ கூடியதாக இருந்தால் பழைய ஐயம் திரும்பிவிடும். 'வாடிக்கையாளர் தரவுகளை வெளிநாட்டுக்குக் கடத்தினர்' என்பதை யாரும் தொழில்நுட்பச் செய்தியாகப் படிக்க மாட்டார்கள். அங்கே 'அனுப்பினர்', 'பரிமாறினர்' என்று எழுத வேண்டும்.

இனி, இவற்றை ஒரு மொழிபெயர்ப்புப் பத்தியில் பொருத்திப் பார்ப்போம். பின்வருமாறு ஒரு வரைவு வந்திருப்பதாகக் கொள்ளுங்கள்: "இந்த ஊர்தி ஒரே நேரத்தில் 40 பயணிகளைக் கடத்த வல்லது. பின்புறமுள்ள குளிர்ப்பெட்டியில் தடுப்பூசிகள் கடத்தப்படுகின்றன. பெட்டியின் சுவர் வெப்பத்தைக் கடத்தாது."

முதல் வாக்கியத்தில் கடத்தப்படுவோர் மனிதர். எனவே வினையை மாற்றியாக வேண்டும்: "இந்த ஊர்தியில் ஒரே நேரத்தில் 40 பேர் பயணம் செய்யலாம்." ஊர்தியை எழுவாயாக வைத்துக்கொண்டு வினையை மட்டும் மாற்றியிருந்தால் வாக்கியம் விறைப்பாகவே இருந்திருக்கும், மனிதரை எழுவாயாக்கியதும் தமிழ் தன்னியல்பில் ஓடுகிறது. இரண்டாவதில் கடத்தப்படுவது சரக்கு. அதுவும் களவாடி விற்கத்தக்க சரக்கு. "பின்புறமுள்ள குளிர்ப்பெட்டியில் தடுப்பூசிகளைக் கொண்டு செல்கிறார்கள்" என்று எழுதலாம். 'கொண்டு செல்லப்படுகின்றன' என்பதும் பிழையன்று. மூன்றாவதில் கடத்தப்படுவது வெப்பம். அந்த வாக்கியத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். ஓர் ஆவணத்தில் 'கடத்து' வரும் இடங்களையெல்லாம் தேடி ஒரேயடியாக 'கொண்டு செல்' என்று மாற்றினால், 'வெப்பத்தைக் கொண்டு செல்லாத சுவர்' என்ற புதிய பிழை முளைக்கும். ஒவ்வோர் இடத்தையும் தனியே படித்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நேர்மையான போக்குவரத்துக்கு உரிய வினைகள் தமிழில் ஏராளம். வண்டியில் ஏற்றப்படுவதை ஏற்றிச் செல்கிறோம். கையில் இருப்பதை எடுத்துச் செல்கிறோம். தலையிலோ தோளிலோ இருப்பதைச் சுமந்து செல்கிறோம். மனிதரை அழைத்துச் செல்கிறோம். நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்கிறோம். முகவரிக்குரியவரிடம் கொண்டு சேர்க்கிறோம். எந்த முறை என்று தெரியாதபோது கொண்டு செல்கிறோம் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். 'போக்குவரத்து' என்பது ஓர் ஏற்பாட்டின் பெயர். சரக்குப் போக்குவரத்து, நீர்வழிப் போக்குவரத்து என்று அது பெயராக நன்றாக நிற்கும். அதை வினையாக்கிப் 'பொருள்களைப் போக்குவரத்து செய்தனர்' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம்.

ஒற்று மிகும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். தங்கம், வெப்பம், விமானம் போல 'ம்' என்று முடியும் பெயர்கள் அந்த மகரத்தை இழந்து வல்லொற்றுப் பெறும்: தங்கக் கடத்தல், வெப்பக் கடத்தல், விமானக் கடத்தல். மணல் கடத்தல், அரிசி கடத்தல், குழந்தை கடத்தல் என்பவை இரண்டாம் வேற்றுமைத் தொகைகளாதலால் இவற்றில் ஒற்று மிகாமல் எழுதுவதே நான் பரிந்துரைப்பது. 'ஐ' உருபை வெளிப்படையாக எழுதினால் கட்டாயம் மிகும்: மணலைக் கடத்தினர், குழந்தையைக் கடத்தினர்.

'கடவு': பழைய வழியிலிருந்து கடவுச்சொல் வரை

'கடவு' என்பதற்குப் பெயராகவும் வினையாகவும் வாழ்வு உண்டு. வினையாகக் கடவுதல் என்றால் செலுத்துதல், முடுக்குதல். தேர் கடவினான் என்றால் தேரைச் செலுத்தினான். இதன் நீட்சியான கடாவுதல் என்பதற்கு ஆணி அடித்தல், கேள்வி தொடுத்தல் ஆகிய பொருள்களும் உண்டு. வினாவும் விடையுமாக அமைவதைக் 'கடாவிடை' என்று உரைநூல்கள் கூறுவது இதனால்தான். இந்த வினை இன்றைய உரைநடையில் வழக்கற்றுவிட்டது. பேருந்தைக் கடவினார் என்று இன்று எழுதினால் யாருக்கும் விளங்காது. ஓட்டினார் என்பதே போதும்.

பெயராகக் கடவு என்றால் வழி. ஒன்றைக் கடந்து உட்புகும் இடம். வேலியில் ஆளும் மாடும் சென்றுவர விடப்பட்ட இடைவெளி, ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை போன்ற இடங்களைக் கடவு, கடவை, கடப்பு என்னும் சொற்கள் குறித்துவந்தன. மணக்கடவு போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்னும் ஒலிக்கிறது. மலையாளத்தில் படகுத்துறைக்குக் 'கடவு' என்னும் பெயர் இன்றும் நாள்தோறும் புழங்குகிறது. திருவனந்தபுரத்து வள்ளக்கடவு அதற்குச் சான்று.

கடந்து செல்ல இசைவு தரும் எதற்கும் இந்தப் பழைய சொல் மிகப் பொருத்தமாக அமைந்தது. நாட்டின் எல்லையைக் கடக்க இசைவு தரும் ஆவணம் கடவுச்சீட்டு. கணினியின் காவலைக் கடந்து உள்ளே செல்ல உதவும் சொல் கடவுச்சொல். எண்களால் அமைந்தால் கடவுஎண் அல்லது கடவுக்குறியீடு. இவற்றில் கடவுச்சொல் தமிழ் பேசும் எல்லா நாடுகளிலும் தயக்கமின்றிப் பரவிவிட்டது. கலைச்சொல்லாக்கத்தின் நல்வெற்றிகளில் அதை ஒன்றாகக் கருதுகிறேன். அதன் பன்மை கடவுச்சொற்கள்; 'கடவுச்சொல்கள்' என்று எழுதக் கூடாது. 'கடவுள்சொல்' என்று எவரேனும் எழுதியிருந்தால், அது தட்டச்சுப் பிழையாக மட்டும் இருக்காது. சொல்லின் உறுப்புகளை அறியாமையும் அதில் இருக்கலாம்.

கடவுச்சீட்டு இலங்கையில் அரசு ஆவணங்களிலும் செய்திகளிலும் மக்கள் எழுத்திலும் இயல்பாக வழங்குகிறது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் வழங்குவது கடவுச்சீட்டுதான். தமிழ்நாட்டில் பேச்சிலும் செய்தியிலும் பாஸ்போர்ட் என்பதே மேலோங்கியிருக்கிறது. யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, ஆவணம் முழுவதும் அதையே கையாள வேண்டும். ஒரு பத்தியில் பாஸ்போர்ட், அடுத்த பத்தியில் கடவுச்சீட்டு என்று மாற்றி எழுதினால், விண்ணப்பம் நிரப்புபவர் இரண்டு ஆவணங்கள் தேவைப்படுவதாக எண்ணிவிடுவார். அருகிலுள்ள பிற சொற்களையும் பிரித்தறிய வேண்டும்: பயணச்சீட்டு என்பது ஊர்தியில் செல்லக் கட்டணம் செலுத்திப் பெறுவது, நுழைவுச்சீட்டு என்பது காட்சியகம் போன்ற ஓர் இடத்துக்குள் செல்லப் பெறுவது, நுழைவிசைவு என்பது மற்றொரு நாடு தன் எல்லைக்குள் வர அளிப்பது.

'கடவை' இலங்கைத் தமிழில் நல்ல உயிர்ப்புடன் இருக்கிறது. சாலையைக் கடக்க மக்களுக்குக் கோடிட்டுக் காட்டிய இடம் பாதசாரிக் கடவை; தண்டவாளத்தைச் சாலை குறுக்கிடும் இடம் புகையிரதக் கடவை. தமிழ்நாட்டில் அதே இடத்தை ரயில்வே கேட் என்று பேசுகிறோம். எழுத்தில் கடவுப்பாதை என்றும் காண்கிறோம். கேட் என்பது மூடித் திறக்கும் கதவை நினைவூட்டுவதால், 'ஆளில்லா ரயில்வே கேட்' என்று, கதவே இல்லாத இடத்தையும் கதவின் பெயரால் அழைக்க வேண்டியதாகிறது. கடவை என்பது கடக்கும் இடத்தையே நேராகச் சொல்வதால் கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்துகிறது. தமிழ்நாட்டு எழுத்திலும் இதை அச்சமின்றிப் பயன்படுத்தலாம் என்பது என் உறுதியான கருத்து.

உருவில் ஒத்து, பொருளில் வேறான சொற்கள்

கடன், கடமை, கடப்பாடு ஆகியவற்றிலும் 'கட' என்னும் ஒலி இருக்கிறது. ஆனால் அவை செய்தே தீரவேண்டிய பொறுப்பைக் குறிக்கும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று திருக்குறள் கூறுவது, பதிலுதவி எதிர்பாராமல் செய்யும் ஒப்புரவாகிய கடமையை. கடப்பாடு என்பதைக் கடக்கும் நிலை என்று பிரித்து, 'சாலைக் கடப்பாடு' போன்ற புதுச்சொற்களை உருவாக்குவது பொருந்தாது.

அவ்வாறே 'கடவது', 'கடவாய்', 'கடவர்' என்பவை ஆணை, வாழ்த்து, சாபம் ஆகியவற்றில் வரும் துணைவினைகள். 'நீ நீடு வாழக் கடவாய்' என்பதில் எதையும் கடப்பதில்லை. அவ்வாறே ஆகுக என்பதே பொருள். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்று வருவதும் இதுவே. வாயின் ஓரத்தைக் குறிக்கும் கடவாய் என்பதோ 'கடைவாய்' என்பதன் திரிபு. பழைய நூல் ஒன்றைப் படிக்கையில் 'கடவ' என்று தொடங்கும் சொல்லைக் கண்டால், அதற்கு முன்னால் 'செய்ய', 'ஆக', 'வாழ' போன்ற எச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எச்சம் இருந்தால் அது துணைவினை. தேரோ குதிரையோ யானையோ இருந்தால் செலுத்துதல்.